சுவர் ஓட்டையில் தேனீ குடியேறாமல் இருக்க

(வானொலியில் ஒலிபரப்பான உரை)

இன்றைக்கு நான் பேசப் போவது பயிரைப் பற்றி அல்ல, உரத்தைப் பற்றியும் அல்ல. நீங்கள் குடியிருக்கிற வீட்டுச் சுவரைப் பற்றி. "வேளாண்மை அலுவலருக்குச் சுவரில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். மழைக்காலம் ஓய்ந்து மரங்களெல்லாம் பூவெடுக்கிற சமயத்தில் என்னைத் தேடி வருகிறவர்களில் சிலராவது, "சார், சன்னலுக்கு மேலே காத்து ஓட்டையில தேனீ வந்து கட்டிக்கிச்சு, என்ன பண்ணுறது?" என்றுதான் கேட்கிறார்கள்.

இதற்கு நான் முதன்முதலில் சொன்ன பதில் தப்பான பதில். அதை மறைக்காமல் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

2006-ஆம் ஆண்டு. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனைமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் தென்னைக்கு நடுவே பழைய ஓட்டு வீடு. மேற்குச் சுவரில், உத்திரத்துக்கு ஒரு முழம் கீழே, காற்றோட்டத்துக்காக விட்ட ஓட்டை. குளிர்காற்று அடிக்கிறது என்று உள்பக்கத்தில் ஒரு பலகையை அறைந்து அதை மூடியிருந்தார்கள். வெளிப்பக்கம் திறந்தபடியே கிடந்தது. அதற்குள் தேனீ கட்டியிருந்தது. வீட்டுக்காரர், "ஏனுங்க சார், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. புள்ளை பிரசவத்துக்கு வந்திருக்குது" என்றார். நான் படித்த பிள்ளை அல்லவா? யோசிக்காமலே சொன்னேன்: "ராத்திரி எல்லா ஈயும் உள்ளே அடங்கின பிறகு களிமண்ணைக் குழைச்சு வெளி ஓட்டையை அடைச்சிருங்க. உள்ளேயே செத்துப் போயிடும்."

அவரும் அப்படியே செய்தார். விடிந்ததும் ஈக்கள் வெளியே போக வழி தேடின. வெளிப்பக்கம் அடைபட்டிருந்தது. பலகை ஓரத்தில் விரல் நுழையாத சந்து ஒன்று இருந்தது. அதன் வழியாக அத்தனையும் அறைக்குள் இறங்கின. அறையில் இருபது நாள் குழந்தை தூளியில் கிடந்தது. அம்மாயி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி முந்தானைக்குள் சுருட்டி, குனிந்தபடியே வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். குழந்தைக்கு ஒரு கொட்டும் இல்லை. அந்த அம்மாளுக்குத் தலையிலும் கழுத்திலும் முப்பதுக்கு மேல். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அதோடு முடிந்ததா? இல்லை. பத்து நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அந்தச் சுவரில் பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு கறை இறங்கியிருந்தது. அறையில் பிணவாடை. எறும்பு வரிசை வாசல் வரைக்கும். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "சார், நீங்க பயிருக்குச் சொல்லுங்க. சுவத்துக்குச் சொல்லாதீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நான் சுவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

கறை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லுகிறேன். உயிருள்ள கூட்டம் தன் வீட்டைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். வெயில் ஏறினால் வேலைக்காரத் தேனீக்கள் வரிசையாக நின்று இறக்கையால் விசிறும், தண்ணீர் கொண்டுவந்து அடையில் தெளிக்கும். ஈ செத்துவிட்டால் விசிற ஆள் இல்லை. மேற்கு வெயில் பட்ட சுவருக்குள் மெழுகு இளகி, அடை தொய்ந்து விழுந்து, தேன் உருகிச் சுவரில் ஊறும். அடைக்குள் இருக்கிற புழுக்கள் அழுகும். பிறகு எறும்பு, கரப்பான், மெழுகைத் தின்கிற அந்துப்பூச்சி எல்லாம் வரும். சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கறை மேலே வந்துகொண்டே இருக்கும்.

வயலுக்கு வாங்கின பூச்சிமருந்தை ஓட்டைக்குள் அடிக்கிறவர்களுக்கும் இதே கதிதான். கூடவே இன்னொரு கேடும் உண்டு. காவல் இல்லாத தேனை அக்கம்பக்கத்துத் தேனீக்கள் வந்து அள்ளிக்கொண்டு போகும். மருந்து பட்ட தேன் எங்கெங்கோ போய்ச் சேரும். சில பேர் அந்த அடையையே பிழிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். தீப்பந்தம் காட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூரையும் ஓட்டுச் சட்டமும் காய்ந்து கிடக்கிற வீட்டில் மண்ணெண்ணெய்ப் பந்தம் பிடித்தால், ஈ போகிறதோ இல்லையோ, வீடு போய்விடும்.

சரி, தேனீ ஏன் சுவருக்கு வருகிறது?

நம்ம ஊரில் சுவருக்குள் குடியேறுவது அடுக்குத் தேனீ. இந்தியத் தேனீ என்றும் சொல்வார்கள். இது வெளிச்சத்தில் கட்டாது. இருட்டான பொந்து, சின்ன வாசல், மழை படாத இடம், உள்ளே ஒரு குடம் கொள்ளுகிற அளவு காலியிடம் இருந்தால் போதும். பல அடைகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் இதற்குப் புளியமரப் பொந்து இருந்தது, கல்லிடுக்கு இருந்தது, பழைய கிணற்றுச் சுவரில் பொந்து இருந்தது. சாலையை அகலப்படுத்தப் புளியமரத்தை வெட்டினோம். கிணற்றை மூடினோம், அல்லது காங்கிரீட் வளையம் இறக்கினோம். வீடில்லாத கூட்டம் நம் வீட்டுக்கு வருகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற ஓட்டையில், காற்று தாராளமாகப் போய் வருகிற ஓட்டையில், அடுக்குத் தேனீ பெரும்பாலும் தங்காது. பாதி அடைத்த ஓட்டையில்தான் தங்கும். உள்ளே பலகை அறைந்து, சாக்குத் திணித்து, அட்டை ஒட்டி, பீரோவைச் சாய்த்து வைத்து ஒரு பக்கத்தை மூடுகிறோமே, அப்போது ஒன்பது அங்குலச் சுவரின் கனம் முழுவதும் ஓர் இருட்டுப் பெட்டி ஆகிவிடுகிறது. தேனீப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் சுவரிலேயே இலவசமாகச் செய்து வைக்கிறோம்!

இப்போதைய வீடுகளிலும் இது உண்டு. பூசாமல் விட்ட ஹாலோ பிளாக் சுவர், மீட்டர் பெட்டிக்கு ஒயர் போகத் துளைத்த ஓட்டை, உபயோகமில்லாமல் வாய் திறந்து நிற்கிற பிளாஸ்டிக் குழாய், ஓட்டுக்கும் அடியில் அடித்த பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, எல்லாம் தேனீக்கு வாசல்தான்.

அதற்காக எல்லா ஓட்டையையும் சிமெண்டு வைத்துப் பூசிவிடாதீர்கள். காற்றோட்ட ஓட்டை காரணத்தோடுதான் வைத்தது. அடுப்பறைப் புகை மேலே ஏறி அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. நெல்லும் பருப்பும் மூட்டை போட்டு வைத்த அறையில் காற்று ஓடாவிட்டால் ஈரம் தேங்கிப் பூசணம் பிடிக்கும். காற்று போக வேண்டும், ஈ போகக் கூடாது. அதற்கு வழி வலைதான்.

எந்த வலை? கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலை பிரயோசனப்படாது. அதில் தேனீ கைவீசி நடந்து போகும். கண் அளவு 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கடையில் போய், கொசு வராத சன்னலுக்கு அடிக்கிற கம்பி வலை என்று கேளுங்கள், அது போதும். நைலான் வலை விலை குறைவுதான், ஆனால் எலியும் அணிலும் ஒரே ராத்திரியில் கடித்துவிடும். துத்தநாகம் பூசின கம்பி, முடிந்தால் எவர்சில்வர் கம்பி வாங்குங்கள்.

வலையை எந்தப் பக்கம் அடிப்பது? இதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். ஏணி போட வேண்டாமே என்று அறைக்குள் நின்றபடி உள்பக்கத்தில் அடித்துவிடுகிறார்கள். அப்போது ஈ வீட்டுக்குள் வராது, வாஸ்தவம். ஆனால் சுவரின் கனத்தில் ஒன்பது அங்குல ஆழக் குழி வெளிப்பக்கம் திறந்தபடியே இருக்கிறதே! வலையின் மேல் தூசியும் ஒட்டடையும் படிந்து இருட்டு ஏறிவிட்டால், அந்தக் குழியே கூட்டுக்கு இடமாகிவிடும். வலையை வெளிப்பக்கம், சுவரோடு சுவராக அடிக்க வேண்டும். நாலு சிறு மரச்சட்டத்தில் வலையை இழுத்து அடித்து, சட்டத்தைச் சுவரில் திருகாணி வைத்து முடுக்குங்கள். ஆணி அடித்தால் பழைய சுண்ணாம்புச் சுவர் உதிரும், திருகாணி என்றால் கழற்றிச் சுத்தம் செய்யவும் வசதி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருந்தால் சிமெண்டுப் பாலை விட்டு அடைத்துவிடுங்கள். எல்லாம் நன்றாக அடித்துவிட்டு மூலையில் ஒரு சுண்டுவிரல் சந்தை விட்டால், முழு ஓட்டையை விட அதுதான் தேனீக்குப் பிடித்த வாசல்.

கொசுவலைக் கண் சிறியது. தூசி படியும், அடுப்பறையில் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். பொங்கலுக்கு ஒருமுறை, ஆடியில் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட்டால் காற்று போகும். ஒயர் நுழைகிற துளை, குழாயின் வாய் போன்றவற்றுக்கு வலை வேண்டியதில்லை. மூடி போட்டோ சிமெண்டு வைத்தோ அடைத்துவிடலாம். ஆனால் அடைப்பதற்கு முன் உள்ளே ஈ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளே ஈ இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பகலில் தூர நின்று கால் மணி நேரம் பாருங்கள். பத்துப் பதினைந்து ஈக்கள் ஓட்டையின் முன்னால் முகர்ந்து முகர்ந்து பறக்கின்றன, உள்ளே போய் உடனே வெளியே வருகின்றன, காலில் ஒன்றும் இல்லை என்றால், அது இடம் பார்க்க வந்த கூட்டம். நாம் பெண் பார்க்கப் போகிற மாதிரி! அவற்றுக்குப் பிடித்துவிட்டால் இரண்டொரு நாளில் கூட்டம் முழுக்க வந்து சேரும். அன்றைக்குச் சாயங்காலம், ஈக்கள் எல்லாம் போன பிறகு, வலையை அடித்துவிடுங்கள். வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

அப்படியில்லாமல் ஈக்கள் நேராக வந்து தயங்காமல் உள்ளே நுழைகின்றன, பின்னங்காலில் மஞ்சளாக மகரந்த உருண்டை இருக்கிறது என்றால், உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம். மகரந்தம் புழுவுக்கு ஊட்டத்தான். அப்போது வலையும் அடிக்கக் கூடாது, மண்ணும் பூசக் கூடாது. நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

சுவரில் இல்லாமல், முருங்கைக் கிளையிலோ வேலிக் கம்பத்திலோ ஈக்கள் கொத்தாகத் தொங்கினால் பயந்து கல்லெறியாதீர்கள். அது பிரிந்து வந்த கூட்டம், வழியில் இளைப்பாறுகிறது. சில மணி நேரத்திலோ, ஒன்றிரண்டு நாளிலோ போய்விடும். காக்க வேண்டிய அடையோ புழுவோ இல்லாததால் அந்தச் சமயத்தில் அதற்குக் கோபமும் குறைவு. தேனீ வளர்க்கிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், சந்தோஷமாக வந்து எடுத்துக்கொண்டு போவார்.

குடியேறிவிட்ட கூட்டத்தையும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். சாயங்கால வேளையில் வருவார். தேங்காய் நாரைப் புகையவிட்டு, ஈயைச் சாந்தப்படுத்தி, உள்பக்கப் பலகையைக் கழற்றி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுப்பார். புழு உள்ள அடையைப் பெட்டிச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுவார். ராணியைக் கண்டுபிடித்துப் பெட்டியில் விட்டுவிட்டால் மற்ற ஈக்கள் தாமாக உள்ளே இறங்கும். வாசலில் ராணி வெளியே வர முடியாத தகடு ஒன்றைச் சில நாள் வைப்பார், ஏனென்றால் நம்ம அடுக்குத் தேனீ ரோஷக்காரி, இடம் பிடிக்காவிட்டால் குடும்பத்தோடு கிளம்பிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் தள்ளி வைப்பது, அறை விளக்கை அணைப்பது. ஈ விளக்கை நோக்கித்தான் பறக்கும். டார்ச் விளக்கு தேவையானால் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் தேனீயின் கண்ணுக்குத் தெரியாது.

கை எட்டாத சுவருக்குள் கட்டியிருந்தால், வாசலில் கம்பி வலையால் ஒரு நீளக் கூம்பு செய்து பொருத்துவார்கள். நுனியில் ஓர் ஈ வெளியே வரும் அளவு மட்டும் துவாரம். வெளியே வந்த ஈக்குத் திரும்ப வழி தெரியாது, பக்கத்தில் வைத்த பெட்டியில் போய்ச் சேரும். உள்ளே இருக்கிற முட்டை ஈயாகி வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம் ஆவதால், இந்த வேலைக்கு ஒரு மாதத்துக்கு மேல் பொறுமை வேண்டும். மற்ற எல்லாச் சந்தும் அடைபட்டிருக்க வேண்டும். பழகாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

ஈயை எடுத்தபின் பொந்தைச் சுரண்டி, மெழுகு ஒரு துணுக்குகூட இல்லாமல் எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பிறகு வலை அடியுங்கள். பழைய மெழுகு வாசனை அடுத்த கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பின தாம்பூலம் மாதிரி. "சார், வருஷா வருஷம் அதே இடத்துக்கு வருது" என்று சொல்கிறவர்கள் வீட்டில் பார்த்தால், பாதி மெழுகு உள்ளேயே இருக்கும்.

எல்லா ஈக்கும் இந்த வைத்தியம் இல்லை. சன்ஷேடுக்கு அடியிலோ தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ முறம் அகலத்தில் ஒற்றை அடை தொங்கினால் அது மலைத்தேனீ. மிகவும் ஆபத்து, கிட்டே போகாதீர்கள். பூக்கள் குறைந்தால் அதுவே இடம் மாறிப் போகும். ஆள் நடமாட்டமுள்ள இடமாக இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கதண்டுக்கும் அதே வழி. சுவர்ச் சந்தில் மெழுகுக் குழல் மாதிரி சின்ன வாசல் வைத்து, கொசு அளவில் கறுப்பாகப் பறந்தால் அது கொசுத் தேனீ. அதற்குக் கொட்டுகிற கொடுக்கே கிடையாது. அதை விட்டுவிடுங்கள், உங்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

கொட்டிவிட்டால் என்ன செய்வது? தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி, விஷப்பையோடு சேர்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். நகத்தாலோ எதனாலோ, அந்த நிமிஷமே வழித்து எடுங்கள். சுண்ணாம்பைத் தேடிக்கொண்டு நேரம் கழிக்காதீர்கள், முதலில் கொடுக்கு வெளியே வரட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி ஈரத்துணி வையுங்கள். பல ஈக்கள் துரத்தினால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடி, மூடின அறைக்குள் போய்விடுங்கள். கிணற்றில் குதிக்க வேண்டாம், நீங்கள் தலையைத் தூக்கும் வரை மேலேயே சுற்றும்.

சில பேருக்கு ஒரே கொட்டு போதும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குவது, மூச்சுத் திணறல், தலைசுற்றி விழுவது, இதில் எது தெரிந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இருக்கிறது, வீட்டு வைத்தியத்தில் அது நிற்காது. ஒருவருக்குப் பத்து இருபது கொட்டு விழுந்திருந்தாலும், குழந்தையோ வயதானவரோ என்றாலும், நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, கொன்றால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பூசணி, பாகல், வெள்ளரி, தர்பூசணி இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு போக யாராவது வேண்டும். சூரியகாந்தியில் ஈ இல்லாவிட்டால் பதர் மிகும். 1991, 92-ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாக அடுக்குத் தேனீ அழிந்தது. தேனீயை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் கைப்பொருளை இழந்தன. பிறகு மிஞ்சின கூட்டங்களிலிருந்துதான் மறுபடி பெருக்கினார்கள். உங்கள் சுவருக்குள் வந்திருப்பதும் அந்த இனம்தான்.

தேனீ வளர்ப்பவர் யாரும் தெரியாவிட்டால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் அல்லது வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். பயிற்சி பெற்றவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். ஊரில் ஓர் இளைஞர் கற்றுக்கொண்டால் போதும், சுற்றுப்பட்டு முழுவதற்கும் ஆகும்.

ஆனைமலைப் பக்கத்து அந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் நானே ஏணி ஏறிப் போய், சுவரைச் சுரண்டி, வெளிப்பக்கம் வலை அடித்துக் கொடுத்தேன். அம்மாயி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். தூளியில் கிடந்த அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தென்னந்தோப்பில் இரண்டு தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. ஓட்டையில் வலை மட்டும் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, துரு பிடித்துவிட்டது. அதனால்தான் எவர்சில்வர் கம்பி வாங்கச் சொன்னேன்.